பையின் அடியில் ஒரு கல்

நேயர்களுக்கு வணக்கம்.

"தனியாக வெளிநாடு போய் வந்திருக்கிறீர்களே, அந்தப் பயணத்தின் முடிவில் உங்களைப் பற்றி என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று வந்து பேசுங்கள்" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் சங்கடமாகப் போயிற்று. தெரிந்துகொண்ட விஷயம் அப்படியொன்றும் வெளியே சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

நான் போனது நடைப்பயணம். பிரான்சின் தெற்கு எல்லையில் ஒரு சிற்றூரில் புறப்பட்டு, பிரனீஸ் மலையைத் தாண்டி, வட ஸ்பெயினின் குறுக்கே மேற்கே மேற்கே நடந்து சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா போய்ச் சேர வேண்டும். ஏறக்குறைய 780 கிலோமீட்டர். இயேசுவின் சீடர் யாக்கோபு, தமிழில் சந்தியாகப்பர் என்கிறோமே, அவரை அங்கே அடக்கம் செய்திருப்பதாக நம்பிக்கை. இடைக்காலத்திலிருந்தே யாத்திரிகர்கள் நடக்கும் பாதை. கமினோ என்பார்கள். ஸ்பானிய மொழியில் 'வழி', அவ்வளவுதான் பொருள். இன்று பக்தர்கள் மட்டும் வருவதில்லை. வேலையை விட்டவர்கள், துணையை இழந்தவர்கள், என்னைப் போல் இன்ன காரணம் என்று சொல்லத் தெரியாதவர்கள் எல்லோரும் வருகிறார்கள். 2024-ல் பயணத்தை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் மட்டும் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர்.

வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மரத்தில், சுவரில், பாறையில், எங்கே பார்த்தாலும் மஞ்சள் அம்புக்குறி. எலியாஸ் வலீன்யா என்று ஒரு பாதிரியார், ஓ செப்ரெய்ரோ என்ற மலையூரின் பங்குத்தந்தை, 1980-களில் மஞ்சள் பெயின்ட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போட ஆரம்பித்தது. அம்பு இருக்கிறவரை காலுக்குத்தான் வேலை, மூளைக்கு ஓய்வு. ஓய்வாக இருக்கிற மூளை ஏதாவது பெரிய விஷயமாக யோசிக்கும் என்று நினைத்திருந்தேன்.

அது எண்ணிக்கொண்டிருந்தது. என்னை எத்தனை பேர் தாண்டிப் போனார்கள், நான் எத்தனை பேரைத் தாண்டினேன் என்று.

அந்தப் பாதையில் ஒருவரைத் தாண்டும்போது "புவென் கமினோ" என்பார்கள். உன் வழி நல்லபடியாக அமையட்டும் என்ற வாழ்த்து. என் முதுகுக்குப் பின்னாலிருந்து அது வரும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றது. பர்கோஸ் நகரம் தாண்டினால் மெசெத்தா என்கிற மேட்டுச் சமவெளி. நாள் கணக்கில் வயல், வானம், வேறொன்றும் கிடையாது. அங்கே ஒரு நாள் முழங்காலில் பட்டை கட்டிய ஓர் அம்மையார், எழுபது வயதிருக்கும், இரண்டு கைத்தடிகளை டக் டக்கென்று ஊன்றியபடி என்னைத் தாண்டிப் போனார். எனக்கு அப்போது குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. உட்கார்ந்து ஷூவைக் கழற்றியிருக்க வேண்டும். செய்யவில்லை. அவர் பார்வைக்கு மறைகிற வரை நொண்டாமல் நடந்துவிட்டு, ஒரு வைக்கோல் போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு கழற்றினேன். காலுறை தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

யாருக்காக இந்த நடிப்பு? அந்த நாட்டில் என் பெயர் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

மெசெத்தா முடிந்து மலை ஏறினால், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குரூஸ் தெ ஃபெர்ரோ வரும். உயரமான மரக்கம்பத்தின் உச்சியில் ஓர் இரும்புச் சிலுவை, கம்பத்தைச் சுற்றிக் கற்குவியல். வீட்டிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து அங்கே போட்டால் மனதில் சுமந்து வந்த பாரமும் இறங்கும் என்பார்கள். நானும் எலுமிச்சை அளவில் ஒரு கல் கொண்டு போயிருந்தேன். அன்று காலை நல்ல மூடுபனி. கம்பத்தடியில் பத்துப் பதினைந்து பேர், சிலர் அழுதபடி, நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'எல்லோரும் நிற்கிறார்கள். இப்போதே கிளம்பினால் அத்தனை பேரையும் தாண்டிவிடலாம்.'

தாண்டிவிட்டேன். கல் பையிலேயே இருந்தது.

கலிசியா மாகாணத்துக்குள் நுழைந்ததும் மைல்கற்கள் வந்தன. இன்னும் எவ்வளவு தூரம் என்று மூன்று தசம இடம் வரை, அதாவது மீட்டர் கணக்கில், போட்டிருப்பார்கள். எனக்கு அது போதாதா! சந்தியாகோவில் சான்றிதழ் வாங்கப் போனால், எதற்காக நடந்தீர்கள் என்று கேட்கிறார்கள். சமயமா, சமயமும் மற்றதுமா, சமயம் சாராததா? மூன்றாவதைக் குறித்துவிட்டு வந்தேன்.

அங்கிருந்து சிலர் கடல்வரை நடப்பார்கள். ஃபினிஸ்தெர்ரே, இன்னும் 90 கிலோமீட்டர். லத்தீனில் நிலத்தின் முடிவு என்று பெயர். ஐரோப்பியப் பெருநிலத்தின் மேற்குக் கோடி என்று பார்த்தால் போர்ச்சுகலின் ரோக்கா முனைதான் இன்னும் மேற்கே இருக்கிறது, ஆனால் ஃபினிஸ்தெர்ரே பாறையில் நிற்பவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் கடைசி மைல்கல். அதில் 0,000 என்று போட்டிருக்கிறது. அதற்கு அப்பால் பாறையும் அட்லாண்டிக் கடலும்தான். அடுத்து எந்தப் பக்கம் போவது என்று காட்ட ஓர் அம்புகூட இல்லை. அங்கே நாலைந்து நிமிடம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

காற்று அடித்தது. மேலங்கியை எடுக்கப் பையைக் கவிழ்த்தேன். ஒரு காலுறைக்குள்ளிருந்து கல் உருண்டு வந்தது.

சற்றுத் தள்ளி ஒரு பாறையில் முழங்கால் பட்டை அம்மையார் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூன்று வாரமாக மனதுக்குள் துரத்திக்கொண்டிருந்த முகம் அல்லவா? போய் வணக்கம் சொன்னேன். அவர் சிரித்த முகத்தோடு, "நீங்களும் இந்த வழியாகத்தான் நடந்து வந்தீர்களா?" என்று கேட்டார்.

அந்தக் கல்லைக் கடலில் எறிய மனம் வரவில்லை. போட வேண்டிய இடத்தில் போடாமல் இங்கே எறிவது ஏமாற்று வேலை என்று பட்டது. திரும்பி வரும்போது விமான நிலையச் சோதனையில் பையைத் தனியே தள்ளினார்கள். காவலர் பெண் காலுறையைப் பிரித்துக் கல்லை எடுத்தார்.

"என்ன இது?"

"கல்."

"கல்லா?"

திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் உள்ளங்கையில் வைத்தார். அதை மறுபடி காலுறைக்குள் போட்டு, சுருட்டி, பையின் அடியில் வைத்து, ஜிப்பை மூடுவதற்குள் பின்னால் நின்ற நான்கு பேர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். பார்த்தீர்களா, அங்கேயும் எண்ணியிருக்கிறேன்.

வணக்கம்.