ஒரு மாத்திரை, நான்கு மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

பணியில் இருந்த முப்பத்தொரு வருடமும் ஊருக்குத் தண்ணீர் விடுவதுதான் என் வேலை. மேல்நிலைத் தொட்டியில் எவ்வளவு குளோரின் கலக்க வேண்டும், கடைசித் தெருக் குழாயில் அதில் எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். அப்படிப்பட்டவன், ஓய்வு பெற்ற பிறகு மனைவியோடு நேபாளத்தில் நடக்கப் போய், ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரைச் சுத்தம் செய்வதில் இரண்டு முறை கோட்டை விட்டேன்.

நாங்கள் போனது அன்னபூர்ணா மலையைச் சுற்றி வரும் பாதை. பெசிசஹார் என்ற ஊரில் தொடங்கி, மர்ஸ்யாங்டி ஆற்றை ஒட்டியே மேலே ஏறி, மனாங் வழியாக தொரோங் லா கணவாயைக் கடந்து, அந்தப் பக்கம் முக்திநாத்தில் இறங்கி, ஜோம்சோமில் முடிப்பது. கணவாயின் உயரம் 5,416 மீட்டர். எங்கள் திட்டப்படி 14 நாள்.

இந்தப் பாதையில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. பனியாறு உருகி ஓடி வருகிறது, ஊருக்கு ஊர் குழாய் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஊருக்கு மேலும் இன்னொரு ஊர் இருக்கிறது. அதற்கும் மேலே யாக் மாடுகள் மேய்கின்றன. யாக் கர்க்கா என்றே ஓர் ஊர் உண்டு, யாக் மேயும் இடம் என்று அர்த்தம். கண்ணாடி போலத் தெரிகிற ஓடை அந்த மேய்ச்சல் நிலத்தைத் தாண்டித்தான் நம் பாட்டிலுக்கு வருகிறது.

பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம். மேலே போகப் போக விலையும் ஏறும். அது போகட்டும், காலி பாட்டிலை அந்த மலையிலிருந்து யார் கீழே கொண்டுவருவது? இதற்காகவே அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதித் திட்டத்தார் நியூசிலாந்தின் உதவியோடு சில ஊர்களில் குடிநீர் நிலையங்கள் வைத்தார்கள். ஓசோன் வாயுவால் சுத்தம் செய்த தண்ணீரை நம் பாட்டிலிலேயே பிடித்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் நாம் போய்ச் சேரும் நேரத்தில் அது திறந்திருக்க வேண்டும். அதனால் நான் கணக்குப் போடும்போது அதைச் சேர்க்கவில்லை. கிடைத்தால் லாபம் என்று விட்டுவிட்டேன்.

கணக்கு என்றேன் அல்லவா, தண்ணீரில் போட்டுக் கிருமியைக் கொல்லும் மாத்திரை எத்தனை வேண்டும் என்ற கணக்கு, அதைச் சொல்லிவிடுகிறேன். பலரும் "14 நாள் நடை, இரண்டு அட்டை மாத்திரை போதும்" என்று நாளை வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். லிட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். உயரத்தில் காற்று வறண்டது. மூச்சிலேயே நிறைய நீர் போய்விடும். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்றரை லிட்டர் என்று வைத்தேன். இரண்டு பேர், 14 நாள், 98 லிட்டர். இதில் தேநீர், சூப் என்று கொதித்து வருவது ஆளுக்கு ஒரு லிட்டர் இருக்கும். அந்த 28 லிட்டரைக் கழித்தால் 70. பனி கொட்டி இரண்டு நாள் ஏதாவது லாட்ஜில் முடங்க நேர்ந்தால் இன்னும் 10. ஆக 80 லிட்டர், லிட்டருக்கு ஒன்றாக 80 மாத்திரை. எல்லாம் சேர்ந்து என் சட்டைப் பையில் அடங்கிவிட்டன. 80 லிட்டர் தண்ணீர் 80 கிலோ என்பதை நினைத்தால் அந்தச் சட்டைப் பை மேல் மரியாதை வருகிறது.

எந்த மாத்திரை என்பதுதான் அடுத்த கேள்வி. அயோடின் ஒரு காலத்தில் மலையேறுபவர்களின் செல்லப்பிள்ளை. என் மனைவிக்குத் தைராய்டு தொந்தரவு உண்டு. அதனால் அது முதலிலேயே கழிந்தது. கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. நம் ஊரில் வெள்ளம் வந்தால் கொடுக்கிறார்களே, அது சாதாரண குளோரின் மாத்திரை. பாக்டீரியா, வைரஸ் இரண்டையும் கொல்லும். ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒரு நுண்ணுயிரி இருக்கிறது, ஓடு போட்ட ஜீவன்; குளோரினுக்கு அசைந்து கொடுக்காது. சைக்ளோஸ்போரா என்று இன்னொன்று. மழைக்காலத்தில் நேபாளத்துக்குப் போகும் வெளியூர்க்காரர்களை வாரக்கணக்கில் படுக்கப் போடுவதில் பேர் பெற்றது. அதற்கும் குளோரின் பெரிதில்லை. இன்னொரு விஷயம், குளோரின் மாத்திரை ஒரே பெயரில் ஒரு லிட்டருக்கு, ஐந்து லிட்டருக்கு, இருபது லிட்டருக்கு என்று பல அளவில் வருகிறது. அட்டையைப் படிக்காமல் குடத்துக்குரியதை பாட்டிலில் போட்டால் நீச்சல் குளத்தைக் குடிப்பது போலத்தான் இருக்கும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது குளோரின் டையாக்சைடு. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் ஆள் வேறு. லிட்டருக்கு ஒரு மாத்திரை. பாக்டீரியா, வைரஸ், ஜியார்டியா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தக் கிரிப்டோ சாக மட்டும் நான்கு மணி நேரம்.

நான்கு மணி நேரம்! தாகமாக இருக்கிறது, கையில் தண்ணீர் இருக்கிறது, மதியம் வரை குடிக்கக் கூடாது. மாத்திரையை எண்ணிய நான் நேரத்தை எண்ணவில்லை. மலையில் தண்ணீர்த் திட்டம் போடுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஊர்த் தொட்டியில் குளோரின் வேலை செய்வதற்கான நேரத்தைத் தொட்டியே கொடுத்துவிடும். பாட்டிலுக்கு அதை நடப்பவன்தான் கொடுக்க வேண்டும்.

அந்த நேரத்தைச் சுருக்கத்தான் ஃபில்டர். நுண்குழல் ஃபில்டர் என்று வருகிறது, நூறு கிராம்கூட இருக்காது. உள்ளே மயிரிழைபோல குழாய்கள். அவற்றின் சுவரில் 0.1 மைக்ரான் ஓட்டைகள்; ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிரிப்டோ நான்கிலிருந்து ஆறு மைக்ரான், சைக்ளோஸ்போரா எட்டு, ஜியார்டியா அதற்கும் கொஞ்சம் பெரிது. ஒன்றும் தாண்டாது. வைரஸ் மட்டும் நழுவிவிடும். மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் கிருமிகள் அந்த ரகம். சரி, ஃபில்டரில் பிழிந்துவிட்டு அப்புறம் மாத்திரையைப் போட்டால்? ஓடு போட்டவை வெளியே நின்றுவிட்டன, மாத்திரைக்கு மிச்சம் வைரஸ்தான். நான்கு மணி நேரம் அரை மணி நேரமாகிவிட்டது. ஃபில்டரும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று மாற்று என்று கடைக்காரர்கூடச் சொல்வார். நேபாளம் போன்ற இடத்தில் இரண்டும் ஜோடி.

ஆளுக்கு இரண்டு பாட்டில் வைத்துக்கொண்டோம். ஒன்று குடிக்க, ஒன்று ஊற. இட்லிக்கு அரிசி ஊறுகிற மாதிரி ஒரு பாட்டில் எப்போதும் பையில் ஊறிக்கொண்டே வரும். ஊறுகிற பாட்டிலின் கழுத்தில் என் மனைவி சிவப்பு நூல் கட்டிவிட்டாள். மாத்திரை கரைந்ததும் மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, அந்தத் தண்ணீரே மூடியின் மரை வழியாக வழியும்படி விட வேண்டும். இல்லாவிட்டால் மரையில் தங்கிய ஓடைத் தண்ணீர்தான் முதலில் வாய்க்குப் போகும்.

கீழ்ப் பகுதியில் மர்ஸ்யாங்டி பாலைக் கலக்கியது போல ஓடும். பனியாறு பாறையை அரைத்த மாவு அது. ஃபில்டரில் நேரே விட்டால் இரண்டே நாளில் அடைத்துக்கொள்ளும். என் பாட்டி மண்பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டு ஆற்றுத் தண்ணீரை ஊற்றுவாள். காலையில் வண்டலெல்லாம் அடியில் கிடக்கும். நாங்கள் தேத்தாங்கொட்டை கொண்டுபோகவில்லை. ராத்திரி ஒரு பாத்திரத்தில் தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினோம். துணியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வங்கதேசத்தில் பழைய சேலையை நாலாக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொல்லிக்கொடுத்த கிராமங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003இல் ஆய்வு வெளியானது. தண்ணீர் தெளிந்தால் மாத்திரைக்கும் நல்லது. இல்லாவிட்டால் மருந்து சேற்றோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும்.

இப்போது என் முதல் கோட்டை. நான்காம் நாள். மாத்திரை வாசனை பிடிக்கவில்லை என்று என் மனைவி சொன்னாள். நான்தான் புத்திசாலி ஆயிற்றே, மாத்திரையைப் போட்ட கையோடு எலுமிச்சை குளுக்கோஸ் பவுடரையும் ஒரு கரண்டி போட்டுக் குலுக்கிக் கொடுத்தேன். அருமையாக இருந்தது, வாசனையே இல்லை. பத்து நிமிடம் நடந்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பவுடரில் வைட்டமின் சி இருக்கிறது. வைட்டமின் சி குளோரினையும் குளோரின் டையாக்சைடையும் அந்த இடத்திலேயே முறித்துவிடும். வாசனை போனதென்றால் மருந்தும் போனது. பவுடரைப் போடலாம், தப்பில்லை; நேரம் முடிந்த பிறகு போட வேண்டும். முப்பத்தொரு வருடம் குளோரின் கலந்தவன் இதைச் செய்தேன் என்று அவள் இன்றைக்கும் வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறாள். ஃபில்டரில் வடித்த தண்ணீர் என்பதால் வயிறு தப்பித்தது.

இரண்டாவது கொஞ்சம் பெரியது. தொரோங் பேடி என்ற இடம், சுமார் 4,450 மீட்டர். ராத்திரி அசதியில் ஃபில்டரைப் பையின் வெளி ஜேபியிலேயே விட்டுவிட்டேன். காலையில் கல்லாக இருந்தது. வெயிலில் வைத்தால் உருகியது, தண்ணீரும் இறங்கியது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் உள்ளே இருக்கிற ஈரம் உறைந்தால் அந்த மயிரிழைக் குழாய்கள் வெடித்துவிடலாம். வெடித்ததா இல்லையா என்று பாதையில் கண்டுபிடிக்க எங்களுக்கு வழி தெரியவில்லை. உறைந்த ஃபில்டரை எறிந்துவிடு என்றுதான் செய்கிறவர்களே எழுதுகிறார்கள். மேலே போனால் ஃபில்டர் நம்மோடு படுக்கையில் படுக்க வேண்டும், கைக்குழந்தை மாதிரி. தண்ணீரில் விட்டுக் கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்குப் பேனா வைத்திருப்பவர்கள் அதன் பேட்டரியையும் கூடவே படுக்க வைக்க வேண்டும். குளிரில் அது சீக்கிரம் செத்துவிடும்.

ஆக மறுபடியும் நான்கு மணி நேரக் கணக்கு. இன்னும் மோசம் என்றே சொல்லலாம். தண்ணீர் சில்லிட்டிருந்தால் எந்த மருந்தும் மெதுவாகத்தான் வேலை செய்யும். அப்போது கைகொடுத்தது அடுப்பு. நேபாளத்தில் தாத்தோ பானி என்றால் வெந்நீர், உமாலேகோ பானி என்றால் கொதித்த நீர். வெந்நீர் கேட்டால் வெந்நீர்தான் வரும், கொதித்ததா என்பது அடுப்படிக்கே வெளிச்சம். உமாலேகோ என்று கேட்க வேண்டும். உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுமே, கிருமி சாகுமா என்று அங்கே ஒரு பையன் என்னிடம் கேட்டான். கணவாயின் உச்சியில் ஏறத்தாழ 82 டிகிரியில் கொதித்துவிடும், உண்மைதான். கிருமி சாக அந்தச் சூடே போதும். இருந்தாலும் சுமார் 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

கணவாய்க்கு முன்னால் தங்கும் இடமான ஹை கேம்ப்பில் ராத்திரி உமாலேகோ பானியை ஸ்டீல் பாட்டில்களில் வாங்கி, காலுறைக்குள் நுழைத்து, ஸ்லீப்பிங் பேக்குக்குள் காலடியில் வைத்துக்கொண்டோம். ராத்திரி முழுக்கக் கணப்பு, விடிந்தால் குடிநீர். கொடுத்த காசுக்கு இரண்டு வேலை. மறுநாள் நாலு மணிக்குக் கிளம்பும்போது பாட்டில்களைப் பையில் தலைகீழாகச் சொருகினோம். பனிக்கட்டி மேலேயிருந்துதான் கட்டும். தலைகீழாக இருந்தால் அடிப்பக்கம் கட்டும், வாய் திறந்திருக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர், ஏற்றமும் இறக்கமுமாக முக்திநாத் வரை அதுதான். இடையில் நம்பி நிரப்பிக்கொள்ளும்படி ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை.

முக்திநாத் 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம். கோயிலுக்குப் பின்னால் வரிசையாக 108 தாரைகள், பனி உருகிய தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். நாங்கள் கணவாயிலிருந்து உதடெல்லாம் வெடித்து இறங்கி வந்தால், அங்கே ஜீப்பில் வந்து இறங்கிய ஸ்ரீரங்கத்துக் கூட்டம் ஒன்று நூற்றெட்டிலும் நனைந்துவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றது. ஒரு மாமி எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழ் என்று தெரிந்ததும், என் காலி பாட்டிலைப் பிடுங்காத குறையாக வாங்கி, தாரையில் பிடித்து நிறைத்துக் கொடுத்தார்.

"இதைக் குடிங்கோ, நடந்த களைப்பெல்லாம் போயிடும்."

நான் கையில் கொஞ்சம் ஊற்றித் தலையில் தெளித்துக்கொண்டேன். அவர் திரும்பியதும் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தேன். மாமிக்கு முதுகிலும் கண்.

"என்ன சார் இது, தீர்த்தத்துலயுமா மாத்திரை போடுவேள்?"

என் மனைவி அதற்குள் பாட்டிலின் கழுத்தில் சிவப்பு நூலைக் கட்டிவிட்டு, "அவர் பெருமாளுக்கே குளோரின் போடுற உத்தியோகத்துல இருந்தவர் மாமி, விட்டுடுங்கோ" என்றாள். மாமி சிரித்துவிட்டார்.

மறுநாள் ஜோம்சோம் வரை நடந்தே இறங்கினோம். அங்கே ஒரு திண்ணையில் உட்கார்ந்து, நூலை அவிழ்த்து, அந்தத் தண்ணீரை இரண்டு பேரும் பாதிப் பாதியாகக் குடித்தோம். அட்டையில் இன்னும் 23 மாத்திரை இருந்தது.

வணக்கம்.