சாலமன் பர்க்கின் நான்கு நாள்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாடல்களில் வேரூன்றிய சோல் இசையின் பாடகர், அமெரிக்கரான சாலமன் பர்க் 2002ஆம் ஆண்டில், தமது 62ஆம் வயதில், வெளியிட்ட 'டோன்ட் கிவ் அப் ஆன் மீ' என்னும் இசைத்தொகுப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதனை அவருடைய மறுவருகை என்று சொல்வது வழக்கம். எனக்கு அந்தச் சொல்லில் முழு உடன்பாடு இல்லை. பிலடெல்பியாவில் சிறுவனாகவே பிரசங்க மேடை ஏறி, அறுபதுகளில் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிப் புகழ்பெற்று, 1965இல் 'ரிதம் அண்டு புளூஸ்' என்னும் கறுப்பின மக்களிசைக்கான வெற்றிப் பாடல் பட்டியலின் முதலிடத்தையும் எட்டிய அம்மனிதர், அதன் பிறகு தேவாலயத்தில் போதித்தும் ஈமச்சடங்குத் தொழில் நடத்தியும் குடும்பத்தைக் காத்த காலத்திலும் பாடுவதை நிறுத்தவில்லை. அவருக்குப் பிள்ளைகள் 21 பேர் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

மாறியது ஒலிப்பதிவுக் கூடம். தயாரிப்பாளர் ஜோ ஹென்றி, பாடகரையும் வாத்தியக்காரர்களையும் ஒன்றாக அமர்த்தி, நான்கே நாள்களில் பதிவை முடித்தார். பர்க்கின் சொந்தத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த, பார்வையற்றவரான ரூடி கோப்லண்டும் உடன் இருந்தார். பித்தளைக் குழல்களின் ஆரவாரம் இல்லை. அந்த இடைவெளியில்தான் ஒரு முதிய குரல் மூச்சிழுப்பதும், ஒரு சொல்லைத் தயங்கிப் பிடித்துப் பின் விடுவதும் நமக்குக் கேட்கின்றன. தன்னைக் கைவிட்டுவிட வேண்டாம் என்று மன்றாடும் தலைப்புப் பாடலை, இளைஞன் பாடினால் காதல் விண்ணப்பமாக மட்டும் நின்றிருக்கும்; பர்க் பாடும்போது அது தன் குறைகளைக் கூட்டிக் கணக்கிட்டுப் பார்த்தவனின் வேண்டுதலாகிறது.

பாப் டிலன், வான் மாரிசன், டாம் வெயிட்ஸ், எல்விஸ் காஸ்டெல்லோ, பிரையன் வில்சன் ஆகிய புகழ்பெற்ற இசைக்கலைஞர்கள் எழுதிய பாடல்கள் இதில் உள்ளன. அந்தப் பெயர்கள் பலரை இத்தொகுப்பை நோக்கி ஈர்த்தன என்பது உண்மையே. ஆனால் பாடல்களின் தரம் ஒரே சீராக இல்லை. சிலவற்றைக் குரலே தூக்கி நிறுத்துகிறது என்பது என் கருத்து. அலபாமாவின் பார்வையற்ற பாடகர் குழுவினர் துணைக்குரல் கொடுக்கும் 'நன் ஆஃப் அஸ் ஆர் ஃப்ரீ' ('நம்மில் எவரும் விடுதலை பெற்றவர் அல்லர்') பாடலில் மட்டும், எழுத்தும் குரலும் தேவாலயத் தாளமும் ஒன்றையொன்று மிஞ்சாமல் சேர்ந்து நடக்கின்றன.

விமர்சகர்கள் இதனை மனமாரப் பாராட்டினார்கள். மறு ஆண்டு அமெரிக்க இசைத்துறையின் கிராமி விருதும் கிடைத்தது. விந்தை என்னவென்றால், சோல் இசையின் அரசர் என்று அழைக்கப்பட்டு, மேடையில் சிம்மாசனத்தில் அமர்ந்து பாடியவருக்குக் கிடைத்த அவ்விருது, சோல் பிரிவில் அல்லாமல், வேறோர் இசை வகையான புளூஸின் சமகாலப் பிரிவில் வழங்கப்பட்டது. பர்க்கோ அடுத்தடுத்துத் தொகுப்புகளைப் பதிவு செய்துகொண்டே போனார். 2010 அக்டோபர் 10 அன்று, இசை நிகழ்ச்சிக்காக வந்து இறங்கிய ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் அவர் காலமானபோது, நிகழ்ச்சிக்கான நுழைவுச்சீட்டுகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்திருந்தன.