நூலகம்: ஊர் கூடும் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

நூலகம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 'அமைதி காக்கவும்' என்ற பலகைதான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்கு அந்த அமைதியைப் போன்ற உதவி வேறில்லை. ஆனால் தேடியதெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிற இந்தக் காலத்திலும் மக்கள் நூலகத்துக்கு வருகிறார்கள் என்றால், அது புத்தகத்துக்காக மட்டும் அல்ல. காசு கொடுக்காமல், எதையும் வாங்காமல், 'யார் நீங்கள், எதற்கு வந்தீர்கள்' என்ற கேள்வியும் இல்லாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க, கூரையுள்ள பொது இடம் இன்று வேறு எத்தனை இருக்கின்றன?

இதைச் சட்டத்திலேயே எழுதிவைத்த நாடு ஃபின்லாந்து. 2017-இல் நடைமுறைக்கு வந்த அங்கத்துப் பொது நூலகச் சட்டம், கற்பதற்கும் பொழுதுபோக்குக்கும் வேலை செய்வதற்கும் பொதுக் காரியங்களுக்கும் இடம் தருவதை நூலகத்தின் கடமைகளில் ஒன்றாகச் சொல்கிறது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஹெல்சிங்கியில் 'ஓடி' (Oodi) என்ற மைய நூலகம் திறக்கப்பட்டது. மூன்று தளங்கள். கீழ்த்தளத்தில் ஆட்கள் வந்து போகும் பெரிய கூடம். நடுத்தளத்தில் தையல் இயந்திரங்கள், முப்பரிமாண அச்சுப்பொறிகள், இசைப்பதிவு அறைகள். மேல்தளத்தில் சுமார் 1 லட்சம் புத்தகங்கள்.

'இது நூலகமா, சந்தையா?' என்று பழைய வாசகர்கள் கேட்பது நியாயமான கேள்வி. 'ஓடி' நூலகத்தின் தள அமைப்பிலேயே அதற்கு ஒரு பதில் இருக்கிறது: பேச்சுக்கு ஓர் இடம், படிப்புக்கு ஓர் இடம். ஒன்றுக்காக மற்றொன்றை விரட்ட வேண்டியதில்லை. கூட்டம் சேர்க்கிறோம் என்று அலமாரிகளைக் குறைத்துக்கொண்டே போவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. 'நூலகம் வளரும் உயிரி' என்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இலேயே நூலகவியலின் ஐந்தாம் விதியை வகுத்தார். வளர்ச்சி என்றால் உள்ளதோடு சேர்வது, உள்ளதை இழப்பது அல்ல.

டென்மார்க்கில் 2000-இல் தொடங்கிய 'மனித நூலகம்' என்ற முயற்சி எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே இரவல் தரப்படுவது மனிதர்கள். அகதியாக வந்தவர், பார்வையற்றவர், வேலையிழந்தவர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து, எதிரே உட்கார்ந்து, மனத்தில் இருக்கும் கேள்விகளை நேராகக் கேட்கலாம். தெருவில் கேட்கக் கூச்சப்படும் கேள்வியைக் கூட அங்கே கேட்க முடிகிறது. பல நாடுகளின் நூலகங்கள் இதை நடத்தியிருக்கின்றன.

இதில் நாம் கவனிக்கத் தவறுவது நூலகர்களைத்தான். விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவர், பேச்சுத்துணைக்கு வரும் முதியவர், இரவு தங்க இடமில்லாதவர் என எல்லோரும் வந்து நிற்பது அவர்கள் மேசைக்கு முன்னால்தான். நூல்களை வகைப்படுத்தவும் பட்டியலிடவும் பயின்றவரிடம் இத்தனையையும் சுமத்துவது முறையா? சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் 2009-இலேயே முழுநேர சமூகப் பணியாளர் ஒருவரை நியமித்தது. மற்ற ஊர்களும் அதைச் செய்யலாம்.

புதுக் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கும் முன் இன்னும் இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். வேலை முடிந்து வருபவர்களுக்காக, மாலையில் கூடுதல் நேரம் நூலகம் திறந்திருக்க வேண்டும். பத்துப் பேர் உட்கார்ந்து பேச ஓர் அறையை, கட்டணமில்லாமல், நூலகரிடம் பெயர் எழுதிக்கொடுத்தாலே தர வேண்டும்.

நன்றி, வணக்கம்.