மெரினாவுக்கு வந்த மணல்

நேயர்களுக்கு வணக்கம். சென்னை வளர்ந்த கதை என்றால் அண்ணா சாலை, தியாகராய நகர், மெட்ரோ ரயில் என்றுதான் பேச்சு போகும். வடசென்னை இழந்த கடற்கரை அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. அந்தக் காலத்தில் கப்பல் கரைக்கு வராமல் கடலிலேயே நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலா படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கரை சேர்ப்பார்கள். அந்தப் படகில் ஆணியே இருக்காது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினாலும் உடையாமல் வளைந்து கொடுக்கும். அதைத் தள்ளிய மீனவர்களை நம்பித்தான் நகரத்தின் வியாபாரமே வெகுகாலம் நடந்தது.

1870களில் துறைமுகம் அமைக்கக் கடலுக்குள் கல் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881 நவம்பர் புயல் அதைச் சிதைத்தது, மறுபடியும் கட்டினார்கள். புயலாவது வந்து போய்விடும், மணல் அப்படியில்லை. கடலில் கால் நனைத்தவர்களுக்குத் தெரியும்: அலை சற்றுச் சாய்ந்து வரும், காலடி மணலை இழுத்துக்கொண்டு போகும். நம் கரையில் வருடத்தின் பெரும்பாலான மாதங்கள் அந்த மணல் வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றில் கொஞ்சம் திரும்பி வரும், அவ்வளவுதான். சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்கே தங்கிவிட்டது. ஒரு காலத்தில் கோட்டைச் சுவருக்குப் பக்கத்திலேயே அலை அடித்தது. நாம் காற்று வாங்கும் மெரினா இவ்வளவு அகலமானது அப்புறம்தான்.

சரி, வடக்கே? மணல் வரவில்லை; அலை மட்டும் வந்தது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கரை அரித்துப் போனது. வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் இருந்த இடம் போனது, வீடுகளும் போயின. இப்போது அங்கே அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்தான். திருவொற்றியூர் மாநகராட்சியில் சேர்ந்தது 2011இல். அதன் கரையை நகரம் எடுத்துக்கொண்டதோ பல தலைமுறைக்கு முன்பே. மறுபடியும் சொல்கிறேன்: தெற்கே சேர்ந்ததும் வடக்கே காணாமல் போனதும் ஒரே மணல்.

தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போட்டால் அந்த இடத்தில் மணல் சேரும், உண்மைதான். ஆனால் அடுத்த குப்பத்தில் அரிப்பு தொடங்கிவிடும். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் வாரிய மணலைக் கடற்கரையிலேயே சேர்க்கிறார்கள். இங்கேயும் அதை வழக்கமாக்க வேண்டும்.

எண்ணூர்க் கழிமுகம் பற்றியும் பேச நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் வந்தது; அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். அதைத் தாண்டினால் பழவேற்காடு. அங்கே ஏரியையும் கடலையும் பிரிப்பது ஒடுங்கிய மணல்திட்டுதான். அதற்கும் மணல் தெற்கிலிருந்துதான் வந்தாக வேண்டும். நன்றி, வணக்கம்.