லக்சர் கோயில்ல அந்தரத்துல நிக்கிற கதவு

எல்லாருக்கும் வணக்கம். எகிப்து போறவங்க முக்காவாசி பேர் பிரமிட்ல ஆரம்பிச்சு மியூசியத்துல முடிச்சிட்டு பிளைட் ஏறிடறாங்க, எனக்கு அதுல நெஜமாவே வருத்தம், அதனால இன்னைக்கு ஒரே ஒரு கதவைப் பத்தி மட்டும் பேசப்போறேன்.

எகிப்துல லக்சர்ங்கற ஊர்ல இருக்கற பழங்காலக் கோயில்தான் லக்சர் கோயில். அதுக்குள்ள நுழைஞ்சதும் முதல் முற்றத்துல இடது பக்கமா அண்ணாந்து பாருங்க. ஆளுக்கு எட்டாத உயரத்துல சுவத்துல ஒரு கதவு, கீழ படி கூட கிடையாது. அபு ஹக்காக் மசூதியோட பழைய வாசல் அது. மசூதியைக் கட்டினப்போ கோயில் பாதி மண்ணுக்குள்ள கெடந்துச்சு, அந்த மண்மேடுதான் அன்னைக்குத் தெரு. 1880-கள்ல தோண்ட ஆரம்பிச்சு மண்ணை அள்ள அள்ள தரை கீழ போயிட்டே இருந்துச்சு, வாசல் மட்டும் மேலயே நின்னுடுச்சு. மசூதியில தொழுகை இன்னைக்கும் நடக்குது, உள்ள போக வேற பக்கம் வழி இருக்கு.

அபு ஹக்காக் 13ஆம் நூற்றாண்டு சூஃபி பெரியவர். ரமலானுக்கு முந்தின ஷஅபான் மாசம் நடுவுல அவருக்கு விழா, அங்க அதை மூலித்னு சொல்றாங்க. வண்டி மேல படகை ஏத்தி ஊரைச் சுத்தி இழுத்துட்டு வருவாங்க, தண்ணியில இல்லங்க, தார் ரோட்டுல! அதே கோயில் தூண் மண்டபத்துச் சுவத்துல, பழைய எகிப்து ராஜா துட்டன்காமுன் காலத்துல செதுக்கின ஓபெத் திருவிழா இருக்கு, பக்கத்துல இருக்கற கர்னாக் கோயில்ல இருந்து ஆமுன் சாமியை படகுல வெச்சு லக்சருக்குக் கொண்டு வர்ற காட்சி. இது அதோட தொடர்ச்சிதான்னு பலபேர் சொல்றாங்க. நடுவுல எத்தனையோ நூற்றாண்டு இடைவெளி, நேரா நூல் பிடிச்சு நிரூபிக்க முடியாதுதான், ஆனா சுவத்தைப் பாத்துட்டு ரோட்டுக்கு வந்து நின்னா என்னால அப்படி நெனைக்காம இருக்க முடியல.

மூலித்னா கூடவே சந்தையும் வந்துடும். வறுத்த கொண்டைக்கடலையும் எள்ளு மிட்டாயும் குவிச்சு வெச்சிருப்பாங்க, விழாவுக்குப் போனவங்க வீட்டுக்கு வாங்கிட்டு வர்றது அதைத்தான். இன்னொரு பக்கம் மிஸ்மார்னு ஒரு ஊதுகருவி, மேளம், நடுவுல ரெண்டு பேர் நீளக் கம்போட தஹ்தீப் ஆடுவாங்க. தலைக்குன்னு ஓங்கி வர்ற கம்பு அடிக்காம அப்படியே நின்னுடும், அந்தக் கட்டுப்பாடுதான் ஆட்டமே. 2016-ல தஹ்தீபை யுனெஸ்கோவோட பாரம்பரியக் கலைப் பட்டியல்லயும் சேத்தாங்க.

தேதி மட்டும் கவனமா பாத்துக்கோங்க. பிறைக் கணக்கு, அதனால வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னாடி வந்துடும், டிக்கெட் போடறதுக்கு முன்னாடி லக்சர்ல தங்கப்போற ஹோட்டல்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.