வாஷிங் மெஷின் கத்துனா "எந்த பெட்டு?"ன்னு எந்திரிச்ச நர்ஸ் அக்கா

வணக்கம் மக்களே! கடலூர் மஞ்சக்குப்பம், ஞாயித்துக்கிழமை, வஞ்சிரம் கொழம்பு. எங்க பெரியம்மா பொண்ணு சோத்துல கை வச்சிருக்கு, உள்ள வாஷிங் மெஷின் முடிஞ்சு பீப் பீப்னு கத்துது, அக்கா எச்சக் கையோட எந்திரிச்சு "எந்த பெட்டு?"ங்குது. யாரும் சிரிக்கல. அக்கா பாண்டியில ஒரு ஆஸ்பத்திரி ஐசியூல நர்ஸு, 2021 மே மாச கொரோனா ரெண்டாவது அலைய உள்ளயே நின்னு பாத்துது.

ஐசியூல மானிட்டர், வென்டிலேட்டர், மருந்து ஏத்துற சிரிஞ்ச் பம்ப் எல்லாமே கத்தும், கத்துனா எந்த பெட்டுன்னு பாத்து ஓடணும், அவ்ளோதான், மேல போவோம்.

இங்கிலாந்துல 2020 ஜூன், ஜூலைல, முதல் அலை ஓஞ்சப்புறம், 9 ஐசியூவுல வேல பாக்குற 709 பேர்கிட்ட பேர் கேக்காம கேள்வித்தாள் குடுத்தாங்க. 40 சதவீதம் பேரோட பதில் பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்கப்புறம் மனசுல தங்கிப்போற நோவு, அதோட அளவத் தாண்டுச்சு, சண்டைக்குப் போய்ட்டு வந்த சிப்பாய்ங்களுக்கு வரும்பாங்களே, அதேதான். 13 சதவீதம் பேருக்கு செத்துட்டா தேவல, இல்லன்னா தன்னையே காயப்படுத்திக்கணும்னு அடிக்கடி தோணிருக்கு.

ஏன்? வாங்க ஓல்டு டவுன் துறைமுகத்துக்குப் போவோம், எனக்குப் புடிச்ச ஏரியா. புயல்னா கூண்டு ஏத்துவாங்கல்ல, 1-ம் நம்பர்னா எங்கியோ தூரத்துல இருக்கு, 10-ம் நம்பர்னா மவனே வெளிய தல காட்டாத. 2011 டிசம்பர் 30 தானே புயல் முந்திரி, பலான்னு ஒண்ணு விடாம சாச்சுட்டுப் போச்சு, ஆனா கரையக் கடந்தப்புறம் கூண்ட எறக்கிட்டாங்க. ஒடம்புக்குள்ளயும் ஒரு கூண்டு இருக்குங்க, ஆபத்துன்னா அட்ரினலின் ஏறும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், ஆபத்து போனா எறங்கும். ஐசியூல ஷிப்டுக்கு ஷிப்டு 10-ம் நம்பர், பிபிஇ கிட்டுக்குள்ள தண்ணி குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது, எறக்க நேரமே இல்ல, வீட்டுக்கு வந்தாலும் அது மேலயே தொங்குது.

இன்னொண்ணு, மனசாட்சியில படுற காயம். உசுரு போற தாத்தா மூஞ்சிக்கு நேரா கிளவுஸ் கையால போன் புடிச்சிட்டு நிக்கணும், அந்தப் பக்கம் பேத்தி அழுவுது, உள்ள விட முடியாது. தப்பு யாருதும் இல்ல, ஆனா அந்தக் கைக்கு அது தெரியாதே!

2020 மே 3 ஆஸ்பத்திரிங்க மேல ஹெலிகாப்டர்லேந்து பூ தூவுனாங்க, ஞாபகம் இருக்கா? பூவுக்குப் பதிலா நாலு நாள் லீவு குடுத்துருக்கலாம்ங்கிறது என் கருத்து, திட்றவங்க கமெண்ட்ல திட்டுங்க. உங்க வீட்லயும் இப்படி யாராவது இருந்தா 14416, டெலி மனஸ்ங்கிற மனநல உதவி நம்பர், இலவசம், தமிழ்லயே பேசலாம்.

அப்புறம் அந்த மெஷின்ல சவுண்ட ஆஃப் பண்ண ஒரு பட்டன் இருக்காம், மாமா மூணு நாள் தேடிக் கண்டுபுடிச்சாரு.