"அன்னைக்கே மொத்தமா எடுத்திருக்கலாமே"

எல்லோருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கே வருகிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு மார்பு முழுவதையும் எடுக்காமல், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுக்கும் சிகிச்சை சென்னையில் பல வருடங்களாக நடக்கிறது. அப்படிச் சிகிச்சை எடுத்த ஒரு பெண்ணுக்கு ஏழெட்டு வருடம் கழித்து அதே மார்பில் மறுபடி கட்டி வந்தால், வீட்டில் முதலில் எழும் பேச்சு என்ன தெரியுமா? "அன்னைக்கே மொத்தமா எடுத்திருக்கலாமே!" மாமியார் சொல்வார், கூடப் பிறந்தவர்களே சொல்வார்கள், கடைசியில் அந்தப் பெண்ணும் தன் மேல்தான் தப்பு என்று நம்பிவிடுவார்.

அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. மொத்தமாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா என்பதைத்தான் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர், இத்தாலியில் உம்பெர்ட்டோ வெரோனேசி என்ற இரண்டு அறுவை சிகிச்சை டாக்டர்கள் 1970களில் ஆராய ஆரம்பித்தார்கள். 20 வருட முடிவுகள் 2002இல் வந்தன. மார்பை முழுதாக எடுத்தவர்களும், மார்பைக் காப்பாற்றிக்கொண்டவர்களும் ஒரே அளவு காலம்தான் உயிரோடு இருந்தார்கள். முழுதாக எடுத்தாலும் தழும்பு ஓரத்திலோ நெஞ்சுச் சுவரிலோ நோய் திரும்பலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கதிர்வீச்சு, நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்கிறோமே, அது. ஃபிஷரின் ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைக்காதவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது, வைத்துக்கொண்டவர்களில் 14 பேருக்கு. இன்றைய மருந்துகளோடு இது இன்னும் குறைவு. திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கமிருந்து வருகிறவர்கள் தினமும் ரயிலேறி வந்து போக முடியாமல், "கட்டியைத்தான் எடுத்தாச்சே" என்று பாதியில் நின்றுவிடும்போது எனக்கு மனசு கேட்கவே மாட்டேன் என்கிறது. முன்பு ஐந்து வாரம் ஆனது இப்போது பலருக்கு மூன்றே வாரத்தில் முடிகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடம் உண்டு, கேளுங்கள். டமாக்சிஃபென் மாதிரி, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் குறைந்தது ஐந்து வருடம்; உடம்பு சூடாகிறது, மூட்டு வலிக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம், வருடம் ஒரு மேமோகிராம், அதாவது மார்புக்கான எக்ஸ்ரே. கரண்ட் வைத்த மார்பு கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும், தோலும் நிறம் மாறியிருக்கும். அதனால் உங்கள் மார்பு வழக்கமாக எப்படி இருக்கிறது என்று கைக்குப் பழகியிருக்க வேண்டும். தழும்புக்குப் பக்கத்தில் புதுத் தடிப்பு, காம்பு உள்ளிழுத்தல், திடீர்ச் சிவப்பு, அக்குளில் நெறி என்று எதுவானாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். பத்து, பதினைந்து வருடம் கழித்தும் வரலாம்.

அப்படி வந்துவிட்டால்? நோய் அந்த மார்போடு நிற்கிறதா, எலும்பு, நுரையீரல், கல்லீரலுக்குப் போயிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். மார்போடு நின்றிருந்தால் பெரும்பாலும் இப்போது மார்பை எடுப்பார்கள், அதற்குப் பிறகும் நோயில்லாமல் நெடுங்காலம் வாழ்கிறவர்கள் நிறையப் பேர். கட்டியிலிருந்து சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி மறுபடி கண்டிப்பாக வேண்டும், ஏனென்றால் ஹார்மோனால் வளர்கிற கட்டியா, ஹெர்-2 என்ற புரதம் அதிகமா என்ற முடிவுகள் முதல் தடவை இருந்த மாதிரியே இருக்கும் என்று சொல்ல முடியாது, மருந்தும் அதைப் பொறுத்து மாறும். வரும்போது பழைய ஃபைலை, முக்கியமாகக் கரண்ட் எவ்வளவு வைத்தார்கள் என்ற சீட்டை, எடுத்துக்கொண்டு வாருங்கள்.